மேளம் இல்லாமல் வந்த சாமி

எனக்கு எழுபத்தாறு வயது முடிந்துவிட்டது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். இப்போது அந்த நாலு பேரும் என்னை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் எங்கேயும் நான் கைநாட்டு வைத்தது கிடையாது. என் பெயரை நானே எழுதுவேன். மெதுவாக எழுதுவேன், அவ்வளவுதான். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். அவசரக்காரர்கள் நடுவில் எழுந்துபோய்க் காய் அரிந்துவிட்டு வரலாம்.

போன மாதம் என் பேத்தி என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கோடையிலிருந்தே எனக்கு எப்போதாவது திடீரென்று நெஞ்சு படபடவென்று ஓடும். கொஞ்சம் ஓடிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நின்றுவிடும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காட்டுக்குப் போகாதே, மாட்டைப் பிடிக்காதே என்று நாலு வீட்டிலிருந்தும் போனில் உத்தரவு வரும். ஒருநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பேத்தி பார்த்துவிட்டாள்.

“என்னா ஆயா, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு இருக்க?”

“ஒண்ணுமில்ல கண்ணு, சுருக்குப்பை இருக்குதான்னு பாத்தேன்.”

“சுருக்குப்பை இடுப்புல தொங்குது. நீ கெளம்பு.”

டாக்டர் என் கடைசிப் பேரன் வயசுப் பிள்ளை. நெஞ்சிலும் கைகாலிலும் ஒயரை ஒட்டி, ஒரு நீளக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார். பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். எப்போதாவது வந்து தானாக அடங்குகிற படபடப்பு நிறையப் பேருக்கு வருமாம். காபி கூடினாலும், தூக்கம் குறைந்தாலும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றாலும், மனசில் கவலை இருந்தாலும் வருமாம். இதில் எது எனக்கு இல்லை? எதற்கும் ரத்தத்தைச் சோதித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம்தான் அந்தப் பிள்ளை விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னது.

“ஆனா ஆயா, படபடப்போட கண்ணு இருட்டினா, மயக்கம் வந்தா, நெஞ்சு வலிச்சா, மூச்சு வாங்கினா, இல்ல அடங்காம ஓடிக்கிட்டே இருந்தா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது. அப்பவே வந்துடணும். அடிக்கடி வர ஆரம்பிச்சாலும் வந்து சொல்லணும். சரிங்களா? உங்க குடும்பத்துல முன்னால யாருக்காவது இப்படி இருந்துச்சா?”

“எங்க சின்னம்மாவுக்கு இருந்துச்சுங்க. ஆனா நாங்க அதுக்கு வேற பேரு வெச்சிருந்தோம்.”

“என்னா பேரு?”

“மாரியாத்தா.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது என்ன கதை என்று பேத்தி விடவில்லை. வாயால் சொன்னால் நடுநடுவே குறுக்கே பேசுவாள் என்று எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் காரிமங்கலம் சந்தைக்கு நடந்துபோகிற தூரம். புளியமரமும் மேட்டுக்காடும்தான் சொத்து. என் அம்மாவும் சின்னம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அப்பாவும் சித்தப்பாவும் கூடப் பிறந்தவர்கள். அக்காளை அண்ணனுக்கும் தங்கையைத் தம்பிக்கும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் நாலு பேருக்கும் மேலே எங்கள் அத்தை இருந்தாள். அப்பாவுக்கு அக்காள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. வீடும் அங்கேதான் இருந்தது.

சின்னம்மாவுக்குக் கலியாணமாகி வருஷங்கள் போயும் பிள்ளை இல்லை. கம்பைநல்லூர் பக்கம் தன் புருஷன் வகையில் ஒரு பெண்ணை அத்தை பார்த்து வைத்திருந்தாள். களி கிண்டும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அந்தப் பேச்சை எடுப்பாள்.

“நெறம் மட்டுந்தான் கொஞ்சம் கம்மி. ஆனா நல்ல கட்டான ஒடம்பு. ரெண்டு கொடம் தண்ணிய இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு தூக்கிட்டு வர்றா. டேய் தம்பி, ஒனக்குத்தான் சொல்றேன்.”

சித்தப்பா களியையே பார்த்துச் சாப்பிடுவார். வீட்டில் மனிதர்களிடம் பேசுவதைவிட எருதுகளிடம் அதிகம் பேசுகிறவர் அவர். என் அம்மா அடுப்பை ஊதுவாள். சின்னம்மா தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். இன்னொரு சின்னம்மா வந்தால் உட்கார இன்னொரு மடி கிடைக்கும் என்று சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சின்னம்மாவை ஊரில் எல்லாரும் சிவப்பு என்பார்கள். வந்தபோது இருந்ததைவிட நிறம் ஏறிவிட்டதாகப் பெருமையாகச் சொல்வார்கள். உதடுகூட வெள்ளையாக இருக்கும். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பானையிலிருந்து பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே இருப்பாள். அரிசி இல்லாத நாளில் அடுப்பு மண்ணைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். எனக்கும் பங்கு உண்டு. அத்தை பார்த்துவிட்டால், “மசக்கைக்காரி மாதிரி மண்ணு திங்கறா, மசக்கைதான் வரக் காணோம்” என்பாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு பங்குனி மாதம் அவள் மேல் மாரியாத்தா வந்தாள்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் பெண்கள் தலையில் மாவிளக்குத் தட்டை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் கோயிலுக்கு வருவார்கள். முன்னால் பம்பை அடிப்பார்கள். விளக்கு எடுக்கிறவர்கள் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கோயில் முன்னால் பம்பை வேகமாக அடித்தபோது சின்னம்மா ஆடினாள். தட்டை யாரோ பிடித்துக்கொண்டார்கள். வியர்த்துக் கொட்டி, கண் செருகி, மண்டியிட்டு விழுந்தாள். பூசாரி திருநீறு போட்டார். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். கூட்டம் குலவையிட்டது. எழுந்து உட்கார்ந்தபோது அவள் காலடியில் விழுந்து கிடந்தது யாரென்று பார்த்தால், எங்கள் அத்தை.

அன்றிலிருந்து வீடு மாறிப்போயிற்று. களியில் முதல் உருண்டை சின்னம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை அவள் கையால்தான் விளக்கு ஏற்ற வேண்டும். கம்பைநல்லூர்ப் பெண்ணின் பேச்சு நின்றுபோயிற்று. சாமி வருகிற பெண்ணின் தலையில் சக்களத்தியைக் கொண்டுவந்து வைக்கிற துணிச்சல் அத்தைக்கு இல்லை. சின்னம்மாவும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். ஒருதரம் அத்தையிடமே, “அக்கா, அந்தச் சொம்ப எடுங்க” என்று சொன்னாள். அத்தை எடுத்துக் கொடுத்தாள். என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மாரியாத்தா கோயிலில் மட்டும் வருவதில்லை. கிணற்றடிக்கும் வருவாள்.

சின்னம்மா தண்ணீர் சேந்தும்போது பாதியில் கயிற்றை இடுக்கிக்கொண்டு கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். வாயைத் திறந்து மூச்சு விடுவாள். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்வாள்.

“பாருடி, பஞ்சாரத்துக்குள்ள கோழிக்குஞ்சு ஓடறாப்பல இல்ல?”

நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். குறுக்கும் நெடுக்கும் ஓடும், மோதும், ஒரு நொடி நிற்கும், மறுபடி ஓடும்.

“சாமியா சின்னம்மா?”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். “ஆமா. ஆனா யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா கோவிச்சிக்கும்.”

களை வெட்டுகிற இடத்தில் வந்தது. மாவு இடிக்கிற இடத்தில் வந்தது. ஒருநாள் படியேறி மச்சில் புளி எடுக்கப் போனவள் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்து, கண் தெரியவில்லை என்றாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் கை வைத்துப் பார்த்தேன். ஊரே விழுந்து கும்பிடுகிற சாமியைத் தொட்டுப் பார்க்கிற உரிமை எனக்கு மட்டும்! பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்ல முடியாமல் வயிறு உப்பிப்போய்த் திரிந்தேன்.

அடுத்த பங்குனி வந்தது. இந்தத் தடவை சின்னம்மா வாக்குச் சொல்வாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அத்தை வேறு ஒரு யோசனை வைத்திருந்தாள். கம்பைநல்லூர் விஷயத்தை அத்தை மறக்கவில்லை. சின்னம்மாவிடம் கேட்கத்தானே பயம், மாரியாத்தாவிடம் கேட்டால் என்ன? தாயே என் தம்பிக்கு வாரிசு எந்த வயிற்றில் என்று அம்மனையே கேட்டுவிடுவதென்று முடிவு செய்து, அதை என் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். அம்மா தங்கையிடம் சொன்னாள். அன்று காலையில் சின்னம்மா மாவிளக்குக்குப் பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. என் அம்மா ரகசியமாக நீட்டிய மோர்ச் சொம்பையும் தள்ளிவிட்டாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர்வலம் கோயிலை நெருங்கும்போது பம்பை இன்னும் வேகம் எடுக்கவேயில்லை. அதற்குள் சின்னம்மா விழுந்துவிட்டாள். போன வருஷம் மாதிரி ஆடவில்லை. தட்டு ஒருபக்கம், அவள் ஒருபக்கம். அரிசி மாவும் வெல்லமும் மண்ணில் சிதறின.

“வந்துட்டாடா ஆத்தா!” என்று கூட்டம் குலவையிட்டது. வேப்பிலை வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் வந்தது. அத்தை முன்னால் போய் மடியேந்தி உட்கார்ந்தாள்.

“தாயே, வாயத் தொறந்து சொல்லு. என் தம்பி வம்சம் எந்த வயித்துல தழைக்கும்?”

சின்னம்மா பதில் சொல்லவில்லை. “மௌனமா இருக்கா, கோவமா இருக்கா” என்றார்கள். அத்தை மறுபடி கேட்டாள். பதில் இல்லை. நான் பெரியவர்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து அவளிடம் போனேன். முகம் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி இருந்தது. கையைத் தொட்டால் ஐஸ். வழக்கம்போல நெஞ்சில் கை வைத்தேன். கோழிக்குஞ்சு ஓடிக்கொண்டிருந்தது, இதுவரை ஓடாத ஓட்டம்.

ஊரே சூழ்ந்து நிற்கிறது. இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்கு எப்போது கிடைக்கும்?

“இது அந்தச் சாமிதான்!” என்று கத்தினேன். “கெணத்தடிக்கு வர்ற அதே சாமி! எனக்குத் தெரியும்! களை வெட்டறப்பவும் வரும், மாவு இடிக்கறப்பவும் வரும். முந்தாநேத்து மச்சுப்படியில வந்து கண்ணே தெரியல!”

சித்தப்பா பலி ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார்.

“கெணத்தடியில பம்பை அடிச்சது யாரு?”

“யாரும் அடிக்கல சித்தப்பா. மேளம் இல்லாம சும்மாவே வரும்.”

அவர் ஆட்டுக் கயிற்றை விட்டுவிட்டார். ஆடு திருவிழாவை விட்டு ஓடியது. அதைப் பிடிக்க ஒரு கூட்டம் ஓடியது. இவர் குனிந்து சின்னம்மாவைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டார். ஈரச் சேலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் அவர் முதுகில் ஒழுகியது.

“டேய், ஆத்தா எறங்கியிருக்கறப்ப தொடாதடா! கொலமே அழிஞ்சிரும்!” என்று அத்தை வழியை மறித்தாள்.

“ஆத்தான்னா ஆஸ்பத்திரிக்கும் வருவா” என்றார் சித்தப்பா. “வராட்டிப் போவுது. நான் என் பொண்டாட்டிய மட்டும் கூட்டிட்டுப் போறேன். வழிய விடுக்கா.”

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த ஆச்சரியத்திலேயே அத்தை விலகிவிட்டாள்.

வண்டி கட்டி ரோட்டுக்குப் போனோம். சாமி எங்கே போகிறதோ அங்கே நானும் என்று வண்டியின் பின்கட்டையைப் பிடித்துத் தொங்கினேன், இறக்கிவிட நேரமில்லை. தருமபுரிக்குப் புளி ஏற்றிப்போகிற லாரி ஒன்று நின்றது. டிரைவர் ஒரு பாய். வேப்பிலை, மஞ்சள் சேலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் தண்ணீர்க் கூஜாவைத் திறந்து, “மொதல்ல வாய நனைங்க” என்று நீட்டினார். அரைக்கண் திறந்த சின்னம்மா அன்றைக்குக் குடித்த முதல் தண்ணீர் அதுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. குழாயை வைத்துக் கேட்டார். எப்போதிலிருந்து இப்படி, வேலை செய்யும்போதா சும்மா இருக்கும்போதா, மூச்சு வாங்குமா, கண் இருட்டுமா என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் தலையைத் தொங்கப்போட்டார்.

“தெரியலீங்கம்மா. இந்தப் புள்ளைக்குத்தான் தெரியும்.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சாரம், கோழிக்குஞ்சு, மச்சுப்படி, பச்சரிசி, அடுப்பு மண். அவர் சிரிக்காமல் கேட்டார். சின்னம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்புறம் என்னையும் சித்தப்பாவையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுச் சின்னம்மாவிடம் ஏதோ கேட்டார். மாதாமாதம் அளவுக்கு மீறி உதிரம் போனதையும் அதை அவள் அக்காளிடம்கூடச் சொல்லாததையும் நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள்.

“ஒடம்புல ரத்தமே இல்லையே ஐயா” என்றார் டாக்டரம்மா சித்தப்பாவிடம். “நாலு ஆளை வெச்சிக்கிட்டு ஊர்க்காடு முழுக்க அறுக்கச் சொன்னா என்னா ஆவும்? இருக்கற கொஞ்சம் ரத்தத்த வெச்சி இந்த நெஞ்சு ஓடி ஓடி வேலை பாக்குது. வயித்துல கொக்கிப்புழு வேற இருக்கும்னு தோணுது. வெறுங்கால்ல ஈர மண்ணுல நடந்தா அது பாதம் வழியா ஏறும். சாமி கும்பிடுங்க, வேண்டான்னு சொல்லல. ஆனா நெஞ்சு படபடத்து ஆளு மயங்கி விழுந்தா, கும்பிட்டுக்கிட்டே இங்க கொண்டாங்க.”

சின்னம்மா அங்கே கொஞ்ச நாள் இருந்தாள். அம்மா துணைக்கு இருந்துவிட்டு ஒருநாள் முன்னதாக ஊர் திரும்பினாள். ஊசி போட்டார்கள், பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். கூட்டிவரப் போன சித்தப்பாவோடு நானும் போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த சின்னம்மா வெளியே ஓடுகிற புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“என் சாமியப் புடிச்சிக் குடுத்துட்டியேடி.”

கோபமாகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. என் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேதான் சொன்னாள். நல்லது செய்த நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று எனக்கு ரோஷம் வந்தது. வெளியே பார்த்துக்கொண்டேன்.

காரிமங்கலத்தில் இறங்கினால் அன்று சந்தை. எங்களைப் புளியமரத்தடியில் நிற்கவைத்துவிட்டுச் சித்தப்பா கூட்டத்துக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு ஜோடி செருப்பு. லாரி டயரை வெட்டி அடித்தது. பெண்பிள்ளை அளவு.

இப்போது இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன என்று தோன்றும். எங்கள் ஊரில் அன்றைக்குக் குடும்பத்துப் பெண்கள் காலில் செருப்புக் கிடையாது. முள்ளிலும் வெயிலிலும் வெறுங்கால்தான். மூத்தவர்கள் முன்னால் செருப்போடு நடந்தால் அது பெரிய மரியாதைக் குறைவு.

சின்னம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். போடவில்லை. ஊர் எல்லை வரைக்கும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். சித்தப்பா நின்றார்.

“கைக்கா வாங்கியாந்தேன்? கால்ல போடு புள்ள.”

“ஒங்க அக்கா பாப்பாங்க.”

“பாக்கட்டும்னுதான் வாங்கினேன்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நுழைத்தாள். தெருவில் சட்டக் சட்டக் என்று சத்தம் வந்தது. வீட்டுக்கு வீடு தலைகள் நீண்டன. வாசலில் அத்தை நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“உள்ள வர்றப்ப கழட்டிருவாக்கா” என்றார் சித்தப்பா. “காட்டுக்குப் போறப்பப் போட்டுக்குவா. நீயும் கொஞ்சம் பாத்துக்க, வெறுங்கால்ல போவாம.”

அத்தை உள்ளே போனாள். களி கிண்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் களி கிண்டும்போது கம்பைநல்லூர் என்ற ஊரின் பெயர் எங்கள் வீட்டில் வரவே இல்லை. அத்தை முருங்கைக்கீரையை ஆய்ந்து ஆய்ந்து வேகவைத்து, சின்னம்மா தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

“தின்னுடி. ஒனக்கு வந்தது சாமியுமில்ல பூதமுமில்ல, பசி. நீ போயிருந்தா எம்மேலதான் பழி வந்திருக்கும்.”

அடுத்த பங்குனியில் சின்னம்மா கூழ் குடித்துவிட்டு மாவிளக்கு எடுத்தாள். குடிக்க வைத்தது அத்தையேதான். பம்பை காதைக் கிழித்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது. அவள் ஆடவில்லை. தட்டு அசையாமல், கருத்த உதட்டோடு, நேராக நடந்து போய் விளக்கை இறக்கி வைத்தாள். கருப்பாகிவிட்டாள் என்று ஊர் வருத்தப்பட்டது.

நான் கோயிலுக்கு வெளியே அவள் செருப்புக்குக் காவல் இருந்தேன். எனக்கு அழுகையாக வந்தது. போன வருஷம் சாமியையே தொட்டவள், இந்த வருஷம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சின்னம்மா வந்ததும் எட்டி அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே நிதானமாக, எருது நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தது. கோழிக்குஞ்சைக் காணோம்.

“சாமி போயிடுச்சா சின்னம்மா?”

“போயிடுச்சுடி” என்று சிரித்துக்கொண்டே காலைச் செருப்பில் நுழைத்தாள்.

அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. என் நாலு பிள்ளைகளையும் காலில் போட்டுக் குளிப்பாட்டிய கை அவளுடையதுதான். கடைசிவரைக்கும் டயர் செருப்புத்தான் போட்டாள். தேய்ந்தால் சித்தப்பாவே சந்தைக்குப் போய் அடுத்த ஜோடி வாங்கிவருவார். சாமியை இழந்து ஒரு செருப்பை வாங்கிக்கொண்டு வந்தவள் எதற்காக அப்படிச் சிரித்தாள் என்று அந்தச் சின்ன வயதில் நான் எவ்வளவோ யோசித்தேன். செருப்பு அழகாக இருந்ததால்தான் ஊர் பார்க்கட்டும் என்று சித்தப்பா வாங்கினார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவுதான். கண்ணு, இங்கே வா. கண்ணாடி போட்டும் எனக்கு என் எழுத்தே தெரியவில்லை, நீ படி, கேட்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காமல் திருத்து. அத்தை பேசுகிற இடத்தை நல்ல சத்தமாகப் படி, அவள் அப்படித்தான் பேசுவாள். ஊர் எல்லையில் சித்தப்பா நிற்கிற இடத்தை மட்டும் மெதுவாகப் படி. அங்கே எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஓடும். கை வைத்துப் பார்த்துக்கொள், பயப்படாதே. அது தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் சொல்லிவிடுகிறேன்.